200 கிலோமீட்டரும் இரண்டு பொட்டலங்களும்: ஓ.ஆர்.எஸ். தூள், கோவில்பட்டி கடலை மிட்டாய் பற்றி என் அனுபவம்

நான் மதுரையில் சிறியதாக ஒரு மருந்துக் கடை நடத்துகிறேன். வயது 41. நான்கு வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். ஒரே நாளில் 200 கிலோமீட்டர் போக ஆரம்பித்தது போன வருடம். இங்கே இரண்டு பொருள்களைப் பற்றி எழுதப்போகிறேன். ஒன்று, மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். தூள். இன்னொன்று, கோவில்பட்டி கடலை மிட்டாய். முதல் பொருளை நானே விற்கிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு பாக்கெட்டில் எனக்கு நிற்பது சில ரூபாய்தான், அதற்காக எழுதவில்லை. தண்ணீரையும் உப்பையும் சாப்பாட்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் ஒரு நாள் சாலையோரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேறு யாரும் அப்படி உட்காரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஓட்டிப் பார்த்த பாதை மதுரையிலிருந்து கோவில்பட்டி, மறுபடி மதுரை. திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர், சாத்தூர் வழியாகப் போக ஏறக்குறைய 100, வர 100. நான்குவழிச் சாலை, ஏற்றம் பெரிதாகக் கிடையாது. ஆனால் விருதுநகர் தாண்டிவிட்டால் கரிசல் காடு, இருபுறமும் வெட்டவெளி. சாலை நடுவில் அரளி பூத்திருக்கும். ஆனால் அதிலிருந்து நமக்கு நிழல் கிடைக்காது. பங்குனி, சித்திரையில் பத்து மணிக்கெல்லாம் தார்ச் சூடு முகத்தில் அடிக்கும்.

பி.ஆர்.எம். என்ற, நேரக் கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கான பயிற்சியாகத்தான் இந்தப் பாதையை வைத்துக்கொண்டோம். பி.ஆர்.எம். பந்தயம் அல்ல. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் மாலை 7.30-க்குள் வந்து சேர வேண்டும். கண்ட்ரோல் என்று குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வீட்டு ஆட்கள் காரில் வந்து சோறு தண்ணீர் கொடுக்கக் கூடாது. பையில் இருப்பதும் பெட்டிக்கடையில் கிடைப்பதும்தான் நமக்கு. அதனால்தான் பையில் என்ன வைக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியமாகிறது.

போன வருடம் மாசியில் முதன்முதலாக இந்தப் பாதையை முழுவதும் ஓட்டியபோது நான் நம்பியது தண்ணீரை மட்டும்தான். தாகம் எடுப்பதற்கு முன்பே குடித்துவிட வேண்டும் என்று எங்கோ கேட்டதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடமெல்லாம் குடித்தேன். 750 மில்லி பாட்டிலை 14 முறை நிரப்பினேன். எத்தனை பாட்டில் ஆகிறது என்று பார்ப்பதற்காகக் கைபேசியில் குறித்துக்கொண்டே வந்ததால் கணக்கு இருக்கிறது. பத்தரை லிட்டர். இட்லியும் வாழைப்பழமும் தவிர உப்பாக எதுவும் பெரிதாக உள்ளே போகவில்லை.

திரும்பி வரும்போது கள்ளிக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் தலை விண்விண் என்று தெறித்தது. குமட்டல். வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்குவது தெரிந்தது, ஆனாலும் நாக்கு இன்னும் கேட்டது. ஹேண்டிலைப் பிடித்திருந்த விரலில் மோதிரம் இறுகி, இரண்டு பக்கமும் சதை பிதுங்கியிருந்தது. நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் மாமா. அவர் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, மூஞ்சி உப்பிப்போய் இருக்கு?"

"வெயிலுதான் மாமா. தண்ணி நல்லாத்தான் குடிச்சேன்."

"குடிச்சதத்தான் பாத்துக்கிட்டே வந்தேனே. உப்பு என்ன சாப்பிட்ட?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த பெட்டிக்கடையில் உப்புக் கடலை வாங்கிக் கொடுத்து, "கொஞ்ச நேரம் தண்ணியத் தொடாத" என்றார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் அங்கேயே இருந்தோம். அப்புறம் மெதுவாக உருட்டிக்கொண்டு ஊர் வந்தேன்.

கடையில் வாடிக்கையாளர்களுக்காக ஒரு எடை மெஷின் வைத்திருக்கிறேன். காலையில் கிளம்பும் முன் அதில் ஏறிப் பார்த்தபோது 58.6 கிலோ. இரவு வந்து ஏறினால் 58.9. நாள் முழுக்க வெயிலில் வேர்த்து ஊற்றி, 200 கிலோமீட்டர் மிதித்து, எடை கூடியிருக்கிறது! அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேர்வையில் போனது தண்ணீர் மட்டும் இல்லை, உப்பும் சேர்ந்து. நான் திருப்பி ஊற்றியது வெறும் தண்ணீர். ரத்தத்தில் இருந்த சோடியம் நீர்த்துப்போயிருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை, ஆனால் தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், கூடிய எடை என்று எல்லா அடையாளமும் இருந்தது. இது முற்றினால் குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும். பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ பெட்டிக்கடையில் உட்கார வைக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வயிற்றுப்போக்கு என்று வரும் ஒவ்வொரு தாய்க்கும் வெறும் தண்ணீர் போதாது என்று சொல்லி அனுப்புகிற நான், எனக்கு அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. அது மனதை ரொம்ப நாள் உறுத்தியது.

சரி, முதல் பொட்டலத்துக்கு வருகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய ஓ.ஆர்.எஸ். கலவைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டருக்கு சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். பாக்கெட்டின் பின்புறம் இந்த அளவுகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். இதில் சர்க்கரை ருசிக்காகப் போடப்பட்டது இல்லை. சிறுகுடல் சுவரில் குளுக்கோஸையும் சோடியத்தையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே இழுக்கும் ஒரு வாசல் உண்டு. இரண்டும் கைகோத்து வந்தால் வேகமாக உள்ளே போகும், தண்ணீரும் கூடவே இழுபட்டுப் போகும். சர்க்கரை அதிகமாகிவிட்டால் நடப்பது தலைகீழ்: குடல் உடம்பிலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அளவுதான் இதன் உயிர்.

இந்தத் தூளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு 1971 நினைவுக்கு வரும். வங்கதேசப் போரின்போது எல்லையோர போங்காவ் ஊரில் அகதி முகாமில் காலரா. ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த தண்ணீரைப் பெரிய பாத்திரங்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். சாவு பல மடங்கு குறைந்தது. 2022-இல் அவர் காலமானார். அடுத்த வருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவும், என் கடையில் இருபது ரூபாயைச் சுற்றியும் கிடைக்கும் இந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் அவ்வளவு பேர் உயிர் இருக்கிறது. சைக்கிள்காரர்கள் இதை 'பேதிக்குக் குடிக்கிறது' என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

சாலையில் எப்படி இருந்தது? நன்றாக வேலை செய்தது. தை முதல் சித்திரை வரை ஆறு முறை இதே பாதையில் இதை வைத்து ஓட்டினேன். ஒரு தடவைகூட மோதிரம் இறுகவில்லை. முன்பெல்லாம் 150-க்கு மேல் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். இந்த ஆறு தடவையில் ஒரே ஒரு முறைதான் இழுத்தது. கால் பிடிப்புக்கு உப்பு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். கால் களைத்துப்போனாலே பிடிக்கும். நான் பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. முதல் குறை, பாட்டில் கணக்கு. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு; நம் சைக்கிள் பாட்டில் பெரும்பாலும் 750 மில்லி. முழுப் பாக்கெட்டையும் அதில் கொட்டினால் கலவை தடித்துவிடும், குடித்தால் மேலும் தாகம் எடுக்கும், வயிறும் கெடும். கண்ணளவில் முக்கால் பாக்கெட் போடுவதும் சரிப்படாது, ஏனென்றால் தூளுக்குள் உப்பும் குளுக்கோஸும் ஒரே சீராகப் பரவியிருக்கும் என்று சொல்ல முடியாது. மீதிக் கால் பாக்கெட் ஈரம் இழுத்துக் கட்டிபிடித்துக் கிடக்கும். நான் செய்தது இது: சைக்கிளில் பாட்டில் செருகும் ஒரு கூண்டில் ஒரு லிட்டர் பாட்டில், அதில் ஒரு முழுப் பாக்கெட். இன்னொரு கூண்டில் 750 மில்லி வெறும் தண்ணீர். இரண்டையும் மாற்றி மாற்றிக் குடிப்பேன். ஒரு பங்கு இது, ஒரு பங்கு அது என்று போனால் சராசரியில் உப்பு அளவாக வந்துவிடும். கடலை மிட்டாய் சாப்பிட்டு வாய் கொப்பளிக்கவும் தலையில் ஊற்றிக்கொள்ளவும் வெறும் தண்ணீர் தேவைதான். ஒரு லிட்டர் பாட்டில் கிடைக்கவில்லை என்றால் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட் வாங்குங்கள். மூன்று பாக்கெட்டை 600 மில்லியில் கலந்துகொள்ளலாம்.

இரண்டாவது, பாக்கெட்டைப் பிரிப்பது. வேர்த்த கையில் அந்த அலுமினிய உறை கிழியவே கிழியாது. பல்லால் கடித்து இழுத்துப் பாதித் தூளை காற்றுக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போது வீட்டிலேயே ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, உள்ளே தூள் வரைக்கும் போகாமல். அது போதும், சாலையில் ஒரே இழுப்பில் கிழியும்.

மூன்றாவது, சூடு. காலை எட்டு மணி வரை ஓ.ஆர்.எஸ். ருசி சுமார். பதினொரு மணிக்கு வெயிலில் வெந்த பாட்டிலில் இருந்து குடித்தால் கண்ணீரைக் குடிப்பது மாதிரி இருக்கும். மாமா சொல்லிக்கொடுத்த வழி: பழைய பருத்தி சாக்ஸ் ஒன்றைப் பாட்டிலுக்கு மாட்டி, நிற்கும் இடத்தில் எல்லாம் நனைத்துவிடுவது. காற்றில் ஈரம் காயக் காய உள்ளே இருப்பது மண்பானைத் தண்ணீர் மாதிரி ஆகிறது. விருதுநகரில் நனைத்த சாக்ஸ் சாத்தூர் போவதற்குள் காய்ந்துவிடும், வழியில் ஒரு தடவை நனைக்க வேண்டும். ஆரஞ்சு வாசனை சேர்த்த பாக்கெட் சூட்டில் கொஞ்சம் பரவாயில்லை. கலந்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் நான் ஆறேழு மணி நேரத்துக்கு மேல்கூட வைப்பதில்லை. பாட்டில் வாய் மூடியைக் கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள், சர்க்கரை ஒட்டிய இடத்தில் கருப்பாகப் பூசணம் பிடிக்கும்.

இன்னொரு விஷயத்தை மருந்துக் கடைக்காரியாகச் சொல்ல வேண்டும். பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டு அட்டைப் பெட்டியில் இனிப்புப் பானமாக விற்றவை பல இருந்தன. சர்க்கரை அளவு மேலே சொன்ன கணக்கைவிடப் பல மடங்கு. குழந்தைக்கு என்று வாங்கிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. எனக்கு அவ்வளவு நிம்மதி. ஓட்டும்போது அந்த மாதிரிப் பானம் குடிப்பதில் தப்பில்லை, அது சர்க்கரைத் தண்ணீர் என்று தெரிந்து குடித்தால் சரி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை உள்ளவர்கள் ஓ.ஆர்.எஸ்.ஸைத் தினசரிப் பயிற்சிப் பானமாக ஆக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்ற கேள்விக்கு எடை மெஷின்தான் பதில். ஒரு ஞாயிறு காலை சுற்றுச்சாலையில் ஒரே ஒரு மணி நேரம், எதுவும் குடிக்காமல் ஓட்டினேன். போகும்போது 58.4, வேர்வையைத் துடைத்துவிட்டு ஏறினால் 57.6. எண்ணூறு கிராம், அதாவது எண்ணூறு மில்லி. இது என் உடம்பு, என் வேகம். மாமாவுக்கு ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. போனதை அப்படியே திருப்பி ஊற்ற வேண்டியதில்லை, வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் எடை குறைந்திருப்பதுதான் சரி. நான் மணிக்கு 600, 700 மில்லி என்று வைத்துக்கொண்டு, மீதியைத் தாகத்திடம் விட்டுவிட்டேன்.

இப்போது கடலை மிட்டாய். ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் உள்ள குளுக்கோஸால் கிடைப்பது ஐம்பது சொச்சம் கலோரிதான். அது சாப்பாடு இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் "குளுக்கோஸ்தான் குடிக்கிறேனே" என்று பட்டினியாக ஓட்டி, நூற்றுமுப்பதில் கால் மரத்துப்போன பையன்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து நாள் முழுக்கத் தாங்காது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தோ சர்க்கரையோ உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று அந்த ஊரே பெருமையாகச் சொல்லும். ஒரு தடவை திரும்பும் இடத்தில் ஒரு பட்டறைக்குள் நின்று பார்த்தேன். வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்த கடலையை ஒரு பக்கம் குவித்திருந்தார்கள். பாகு காய்ச்சியவர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து உடைத்தார். 'டக்' என்று சத்தம் வந்த பிறகுதான் கடலையைக் கொட்டினார். கிளறி, பலகையில் கொட்டி, உருளையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் கத்தியால் கீறிவிட்டார். கையில் கொடுத்த துண்டு வெதுவெதுப்பாக இருந்தது. மணி பதினொன்றரை, நூறு கிலோமீட்டர் வந்திருந்தேன். அதைக் கடித்தபோது வந்த நிம்மதியை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

ஆனால் கணக்கும் வேண்டும். நான் வாங்கியதில் ஒரு துண்டு கடைத் தராசில் 25 கிராம். கடலை மிட்டாயில் 100 கிராமுக்குச் சுமார் 500 கலோரி; ஒரு துண்டுக்கு 125 என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஏறக்குறைய பாதி எடைதான் வெல்லத்தின் சர்க்கரை, மீதி பெரும்பாலும் கொழுப்பும் புரதமும். காசுக்கும் எடைக்கும் பார்த்தால் இதை மிஞ்சிய பயணச் சாப்பாடு கிடையாது. கால் கிலோ 60 ரூபாய்க்கு வாங்கினேன். ஜெர்சி பாக்கெட்டில் நசுங்காது, கெட்டுப்போகாது, வாய்க்கு அலுக்காது. சைக்கிள்காரர்கள் தெம்புக்காகப் பொட்டலத்திலிருந்து உறிஞ்சும் இனிப்பு ஜெல்லை மூன்று சாப்பிட்டாலே எனக்குத் திகட்டிவிடும், இதைப் பத்துத் துண்டு சாப்பிடலாம். ஆனால் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும். மணிக்கு 40 கிராம் சர்க்கரை வேண்டும் என்றால் மூன்று துண்டுக்கு மேல் தின்ன வேண்டியிருக்கும், கூடவே 20 கிராம் கொழுப்பும் உள்ளே போகும். காலை வெயில் ஏறும் முன், பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டும் வேகத்தில், வயிறு இதை ஏற்றுக்கொள்கிறது. மத்தியான வெயிலில், எதிர்காற்றில் மூச்சு வாங்கும்போது சாப்பிட்டால் நெஞ்சுக்குழியில் கல் மாதிரி நிற்கிறது. இரண்டு தடவை எனக்கு அப்படி ஆனது, இரண்டும் சாத்தூர் தாண்டித் திரும்பும் வழியில்.

பல்லையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பதத்தில் செய்த மிட்டாய் கல்லாக இருக்கும். மூன்றாவது பயணத்தில் என் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்தது பெயர்ந்து வந்துவிட்டது. அதிலிருந்து முதல் நாள் இரவே சுத்தியலால் தட்டிச் சின்னச் சின்னத் துணுக்காக்கி, மூடி வைத்த சின்ன டப்பாவில் போட்டுக்கொள்கிறேன். வெயிலில் வெல்லம் இளகி ஒன்றோடு ஒன்று ஒட்டும். அரிசி மாவு ஒரு சிட்டிகை தூவினால் ஒட்டுவது குறையும். ஓட்டிக்கொண்டே மெல்லாதீர்கள். மூச்சு இரைக்கும்போது கடலைத் துணுக்கு தொண்டைக்குள் போனால் ஆபத்து. லாரிகள் போகும் சாலையில் இருமிக்கொண்டு ஹேண்டிலை விட முடியாது. ஓரமாக நிறுத்தி, மென்று, ஒரு வாய் வெறும் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பும் நூறுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது பதில் பக்கத்துச் சாடியிலேயே இருந்தது. பொரி உருண்டை. அதே வெல்லப் பாகு, கடலைக்குப் பதில் அரிசிப் பொரி. கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. வாயில் போட்டதும் கரைகிறது, பல்லுக்கு வேலை இல்லை, சீக்கிரம் காலுக்கு வந்து சேர்கிறது. கார்த்திகைக்குப் பண்டமாக மட்டும் நினைத்திருந்த பொருள், சைக்கிளுக்கு இவ்வளவு பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இடத்தை அடைக்கும், அழுத்தினால் உதிரும். ஆகவே ஹேண்டிலுக்குப் பின்னால் கட்டிய சின்னப் பையில் இரண்டு, மூன்றுதான் வைக்க முடியும். கூட ஒரு வாழைப்பழம். இந்த மாற்றத்துக்குப் பிறகு கள்ளிக்குடியில் நான் நிற்பதில்லை.

ஒப்பிடுவதற்காக ஒரு தடவை நாலு ஜெல் வாங்கினேன். ஒவ்வொன்றும் நூறு ரூபாய்க்கு மேல், ஒவ்வொன்றிலும் 25 கிராம் அளவுக்கு சர்க்கரை. பதினைந்து நிமிடத்தில் தெம்பு தெரிகிறது, அது உண்மை. மலை ஏறும் போட்டிக்குப் போகிறவர்களுக்கு அது தேவையாக இருக்கலாம். பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்குத் தேவையில்லை.

சாத்தூரை விட்டுவிட முடியாது. வெள்ளரிக்காய் சீசனில் சாலையோரத்தில் கூடை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பாட்டியிடம் வழக்கமாக வாங்குவேன். நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக் கொடுக்கும். தண்ணீரும் உப்பும் ஒரே கடியில். எலுமிச்சை நிறத்தில் விற்கும் எந்தப் பானமும் அந்த நேரத்துக்கு இதற்கு ஈடில்லை. இளநீரும் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் நமக்கு வேண்டிய அளவு கிடையாது. ஒரு நாள் நான் பாட்டிலில் தூளைக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, "அது என்ன தாயி, மருந்தா?" என்று பாட்டி கேட்டது. காலை ஏழு மணியிலிருந்து அந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிற ஆள். "மருந்து மாதிரிதான் பாட்டி. வேர்வையில போன உப்பத் திருப்பித் தரும்" என்று சொல்லி, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டுவிட்டு, இரண்டு பாக்கெட் கொடுத்து எப்படிக் கலக்க வேண்டும் என்று காட்டினேன். அடுத்த மாதம் போனபோது காசு வாங்க மறுத்துவிட்டது. "அந்தப் பொடி இருக்கா?" என்று மட்டும் கேட்டது. மறுபடி இரண்டு கொடுத்தேன், கடைத்தெருவில் எங்கே கிடைக்கும் என்றும் சொன்னேன்.

ஒரு பயணத்துக்கு எனக்கு ஆகும் செலவு: ஓ.ஆர்.எஸ். நாலு பாக்கெட் 80 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், கடலை மிட்டாய் பாதிப் பொட்டலம் 30, பொரி உருண்டை, வாழைப்பழம், வெள்ளரிக்காய் சேர்த்து 60, 70. சாத்தூரிலும் விருதுநகரிலும் வாங்கும் தண்ணீர் தனி. காலை நாலரைக்கு வீட்டில் சாப்பிடும் நாலு இட்லியைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஓ.ஆர்.எஸ். தயாரிப்பவர்கள் யாராவது 750 மில்லிக்கு ஒரு பாக்கெட், வேர்த்த கையால் கிழிகிற உறையில் போட்டால் நூறு பாக்கெட் நானே முன்பணம் கட்டி எடுப்பேன். வெயிலில் வேலை செய்யும் கொத்தனார்களும் டெலிவரி பையன்களும் வைத்திருப்பதும் அந்த அளவு பாட்டில்தான்.

ஆறாவது பயணம் சித்திரையில். அன்றைக்கு வழியில் நிறுத்திய வங்கி ஏ.டி.எம். கண்ணாடிக் கதவைத் தொட முடியாத சூடு. காலை 58.3 கிலோ. மாலை ஆறரைக்குக் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கி, ஷூவைக் கழற்றி, மெஷினில் ஏறினேன். 57.5. மோதிரத்தைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன், லேசாகச் சுழன்றது.